ஏழு நோன்பு பாக்கி

20 மார்ச் 2025, வியாழன். பிற்பகல் 3:40. நோன்பு 19. சர்க்கரை 58.

எழுபதுக்குக் கீழே போனால் உடனே எதையாவது சாப்பிட வேண்டும். இதில் பேச ஒன்றுமில்லை. என் மனைவி நஸ்ரினிடம் சொன்னேன். இந்தக் குளிரிலும் அவள் நெற்றியில் வியர்வை. "இன்னும் ரெண்டே முக்கா மணி நேரந்தானுங்க" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

கத்தினேன்.

"மெதுவாப் பேசுங்க. மாமிக்குக் கேக்கும்."

அம்மாவுக்குத் தெரியாது. அத்தாவுக்கும் தெரியாது. இருபத்தேழு வயதில் சர்க்கரை என்றால் ஊர் என்ன சொல்லும் என்று அவளுக்குப் பயம். ஓசூரில் இருந்தவரை மறைக்க வேண்டிய தேவை இல்லை. இன்வெர்ட்டர், சிசிடிவி வேலையைச் சொந்தமாகச் செய்யலாம் என்று ஆகஸ்டில் நான் ஏற்காட்டுக்கே பெற்றோர் வீட்டோடு வந்ததிலிருந்து அவளுடைய மாத்திரையும் சர்க்கரை மீட்டரும் என் டூல் பேக்கில், மல்டிமீட்டருக்குப் பக்கத்தில் இருக்கின்றன.

6:28க்கு நோன்பு திறந்தாள். அம்மா அவள் தட்டில் மட்டும் ஏழு பேரீச்சம்பழம் வைத்தார். கஞ்சிக்கு மேல் பாயசம் வேறு.

இரவு 9: சர்க்கரை 312.

மாத்திரை நேரத்தை நான்தான் மாற்றியமைத்தேன். காலை மாத்திரை விடியலுக்கு முந்தைய ஸஹர் சாப்பாட்டுக்கு, இரவு மாத்திரை நோன்பு திறந்ததும். இருபத்து நான்கு மணி நேரத்துக்கு இரண்டு வேளை. கணக்கு சரிதானே. அப்புறம் ஏன்?

21 மார்ச், வெள்ளி

ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பும்போது அம்மா வாசலில் நிறுத்தினார்.

"நஸ்ரினக் கொடம் தூக்க உடாத. மாடிப்படியும் நொம்ப ஏற வேண்டாம்னு சொல்லு."

"ஏம்மா?"

"ஏனாமா! இன்னிக்கு இருவதாவது நோன்பு. உம் பொண்டாட்டி ஒண்ணு உட்டிருக்காளா? இந்த ஊட்ல பொம்பளைங்க யாரு எப்ப நோன்பு உடறாங்கன்னு எனக்குத் தெரியாதா சாமி?" சிரித்துக்கொண்டே என் கன்னத்தைத் தட்டினார்.

எனக்கு உறைக்கவில்லை. மூன்று மணிக்கு மாரமங்கலத்தில் ஒரு எஸ்டேட் பங்களா கூரைமேல் சோலார் வயரைக் கையில் பிடித்திருந்தபோதுதான் விளங்கியது. மாதவிலக்கு நாட்களில் பெண்கள் நோன்பு வைக்கமாட்டார்கள். இருபது நாளாக விடவில்லை என்றால் விலக்கு வரவில்லை. வரவில்லை என்றால் — அம்மா எண்ணி முடித்துவிட்டார்.

அவளுக்கு டிசம்பரிலிருந்தே வரவில்லை. நீர்க்கட்டி இருப்பவர்களுக்கு அப்படித்தான். பிப்ரவரியில் டெஸ்ட் எடுத்தாயிற்று. ஒரே கோடு.

22 மார்ச், சனி

கேட்டேன். நஸ்ரினுக்கு முன்பே தெரியுமாம். திங்கட்கிழமையே அம்மா அவள் தலையில் கைவைத்து துஆ செய்தாராம்.

"இல்லன்னு அப்பவே சொல்ல வேண்டியதுதானே?"

துணி மடித்துக்கொண்டே இருந்தாள். ஒரே சட்டையை மூன்று முறை மடித்தாள்.

23 மார்ச், ஞாயிறு

பிற்பகல் 66. இரவு 298. ஒரே நாளில் இரண்டு பக்கமும் விழும் சிஸ்டத்தை நான் பார்த்ததில்லை. நோன்பை விடு என்றேன். "முப்பதும் முடிக்கோணுங்க" என்கிறாள். பிடிவாதம்.

24 மார்ச், திங்கள். பிற்பகல் 4:15. நோன்பு 23. சர்க்கரை 51.



மாடியில் துணி எடுக்கப் போனவள் இறங்கும்போது நான்காம் படியில் உட்கார்ந்துவிட்டாள். கண் திறந்திருக்கிறது, கூப்பிட்டால் பதில் இல்லை. சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொண்டு ஓடினேன். சேலத்திலிருந்து பெரியம்மா வந்திருந்தார். நல்ல செய்தி கேட்டுத்தான் வந்திருக்கிறார், ஒரு கூடை மாதுளையோடு. அம்மா ஓடிவந்து, "ஐயோ, நோன்ப முறிக்காதடா! மசக்கைதான், செத்த நேரம் படுத்தாச் சரியாப் போயிரும்" என்றார்.

"மசக்கையும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல! கர்ப்பமே இல்லம்மா! அவளுக்கு நீர்க்கட்டி. சக்கரை வேற. ரெண்டு வருசமா! உங்க பாயசமும் பேரீச்சம்பழமும்தான் அவளக் கொல்லுது!"

பெரியம்மா கையில் உரித்த மாதுளை. அத்தா கதவோரம். எதிர்வீட்டு வள்ளியக்கா வேலிப் படலைக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

நஸ்ரின் அதற்குள் கொஞ்சம் தெளிந்திருந்தாள். டம்ளரை வாங்கித் தானே குடித்தாள். குடித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

பதினைந்து நிமிடம் கழித்து: 94. சர்க்கரை சரியாகிவிட்டது. வேறு எதுவும் சரியாகவில்லை.

25 மார்ச், செவ்வாய்

முதல் பஸ்ஸில் சேலம். டாக்டர் சுஜாதா என் கிராஃபை — சர்க்கரை அளவுகளை ஸ்ட்ரிப் ஸ்ட்ரிப்பாகக் குறித்து, பிரிண்ட் எடுத்து — இரண்டு நொடிதான் பார்த்தார்.

"காலை மாத்திரைய ஸஹருக்கு மாத்தினது யாரு?"

"நான்தான் மேடம்."

"நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

"டிப்ளமோ, எலக்ட்ரானிக்ஸ்."

"இது கணையத்தப் பிழிஞ்சு இன்சுலின வெளிய எடுக்கிற மாத்திரை. அதக் குடுத்துட்டு பதிமூணு மணி நேரம் பட்டினி போட்டிருக்கீங்க. நோன்பு வைப்பீங்களான்னு போன மாசம் நான் இவங்கள கேட்டேன். 'அதெல்லாம் பாத்துக்கலாம் மேடம்'னு யாரு சொன்னது?"

அதுவும் நான்தான்.

மாத்திரை மாறியது. இந்த வருடம் இனி நோன்பு கூடாது. நஸ்ரின் தலையாட்டினாள்.

திரும்பும் பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவு ஏழோ எட்டோ வரும்போது ஜன்னலைப் பார்த்தபடியே பேசினாள். பேசியதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

"மத்த பொம்பளைங்களுக்கெல்லாம் அஞ்சோ ஏழோ விட்டுப்போவும். வருசம் முழுக்க ஒண்ணொண்ணா வெச்சு அடைப்பாங்க. எனக்கு மட்டுந்தான் முழுசாக் கெடைக்கும். மூஞ்சில முடி, கழுத்துல கருப்பு, புள்ள இல்ல, இனிப்பு இல்ல. இந்த ஒடம்பு எனக்குக் குடுத்தது அது ஒண்ணுதானுங்க. அதையும் விடச் சொன்னா?"

அடுத்த வளைவு வந்துவிட்டது.

"மாமி தலைல கை வெச்சாங்க பாருங்க. நாலு வருசத்துல எம்மேல யாரும் அப்பிடிக் கை வெச்சதில்ல. நெசம் இல்லன்னு எனக்குத் தெரியும். எட்டு நாள் இருக்கட்டும்னு விட்டுட்டேன். நீங்க என்னயத் தொடுறதெல்லாம் ஊசி குத்தத்தான்."

விரலில் குத்துவதைச் சொல்கிறாள்.

அப்படியா? மார்ச் மாதத்தை யோசித்துப் பார்த்தேன். அப்படித்தான்.

26 மார்ச், புதன்

நஸ்ரின் மதியம் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நின்றபடியே சாப்பிட்டாள். தட்டுச் சத்தம்கூட வரவில்லை.

27 மார்ச், வியாழன்

பதினொரு மணிக்கு அம்மா கூடத்தின் நடுவே உட்கார்ந்து பெரியம்மாவுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில். அவருக்கு ஸ்பீக்கரை அணைக்கத் தெரியாது என்று நான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

"அக்கா, நோன்ப எண்ணிப்போட்டு நாந்தான் தப்பாச் சொல்லிப்போட்டேன். அவ ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லல."

"அதில்ல பரிதா, இந்த வயசுலயே சக்கரைன்னா, பையனுக்கு நாளைக்கு—"

"பையனுக்கென்ன? அவந்தான் மாத்திரைய மாத்திக் குடுத்து அவளப் படில சாச்சவன். மருமவளப் பத்தி எவளாச்சும் பேசினா எம்பேரச் சொல்லு. நான் வந்து பதில் சொல்லிக்கறேன்."

போனை வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. உள்ளே போய் சாமைச் சோறும் அவரைக்காய்ப் பொரியலும் போட்டு, தட்டைக் கூடத்தில், வாசல் கதவு திறந்திருக்கும்போதே வைத்தார். "நஸ்ரின், வா கண்ணு. உக்காந்து சாப்புடு." பக்கத்திலேயே உட்கார்ந்து, தான் நோன்போடு வெங்காயம் உரித்தார். அவர் கண்ணில் வெங்காயத்தால்தான் தண்ணீரா என்று நான் ஆராயவில்லை.

அந்த நேரம் பார்த்து அத்தா கடையிலிருந்து வந்தார். மருமகள் நட்டநடுக் கூடத்தில் சாப்பிடுகிறாள். நின்றார். தொப்பியைக் கழற்றினார், போட்டார்.

"ஊறுகா கீறுகா வேணுமா கண்ணு?"

"வேண்டாமுங்க மாமா. உப்பு ஆவாது."

"அது வேறயா" என்று வந்த வழியே போய்விட்டார்.

28 மார்ச்

பிற்பகல் 118. அவளே குத்திப் பார்த்து, அவளே சொன்னாள். நான் கேட்கவில்லை. (இரண்டு முறை கேட்க வாயெடுத்தேன்.)

மழை பெய்தது. மன்னிப்புக் கேட்டேன். "எதுக்கு?" என்றாள். மாத்திரைக்கு என்றேன். "அதுக்கா?" என்றாள். இல்லை, படியில் எல்லோர் முன்னாலும் கத்தியதற்கு என்றேன். "ம்" என்றாள். அவ்வளவுதான். ஆனால் நான் பிடித்த கையை இழுத்துக்கொள்ளவில்லை. என் கையில் ஊசி இல்லை.

31 மார்ச், திங்கள். பெருநாள்

நேற்றே பிறை தெரிந்துவிட்டது. இந்த வருடம் இருபத்தொன்பதுதான்.

அம்மா நஸ்ரினுக்கென்று சர்க்கரை போடாமல் ஒரு கிண்ணம் சேமியா பாயசம் வைத்திருந்தார். ஒரு வாய் எடுத்து, கண்ணை மூடி விழுங்கினாள்.

"எப்பிடி இருக்குது?"

"நல்லாவே இல்லீங்க மாமி."

அம்மாவும் ஒரு ஸ்பூன் எடுத்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். இருவரும் சிரித்தார்கள். நான் சிரித்தபோது இரண்டு பேரும் நிறுத்திக்கொண்டார்கள். பரவாயில்லை.

பிறகு நஸ்ரின் விரல்விட்டு எண்ணினாள். படியில் சாய்ந்தது இருபத்து மூன்றாவது நோன்பில். அதிலிருந்து இருபத்தொன்பது வரை.

"மாமி, இந்த வருசம் எனக்கும் ஏழு நோன்பு பாக்கிங்க."

"எனக்கெல்லாம் ஒரு வருசம் ஒம்போது இருந்துது" என்றார் அம்மா. "டிசம்பர்ல வெச்சுக்கலாம். பகல் கம்மி, தாகமும் எடுக்காது."

மற்ற பெண்கள் பேசிக்கொள்வது போலவே பேசிக்கொண்டார்கள்.

இனி நான் செய்ய வேண்டியவை:

1. மாத்திரை, மீட்டர் இரண்டும் டூல் பேக்கிலிருந்து சமையலறை அலமாரிக்கு. இன்றே.
2. ஏப்ரல் 7, காலை 9, டாக்டர். கேள்விக்கு நஸ்ரின் பதில் சொல்வாள். நான் பை தூக்குவேன்.
3. கிராஃபை அழிக்க வேண்டும். (காப்பி வைக்காமல்.)
4. மாடிப்படிக்குக் கைப்பிடி. பைப் வாங்கியாயிற்று.
5. டிசம்பர்: டாக்டர் சரி என்றால் அந்த ஏழு நாளும் ஸஹருக்கு நானும் எழுந்திருப்பது. கூடாது என்றால் நோன்புக்குப் பதிலாக ஏழைகளுக்குச் சாப்பாடு. அம்மா சமைப்பார், நான் பாத்திரம் கழுவுவேன். எது என்று நான் முடிவு செய்யக் கூடாது.
6. ஒரு நாளைக்கு ஒரு முறையாவது, ஊசி இல்லாமல்.