மூன்றாம் முறை யாரும் படம் கேட்பதில்லை

சான் லொரென்சோ,
மழை விட்ட செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மிர்த்தா,

இங்கே நானும் என் முழங்காலும் உன் தம்பியும் ஒருவரையொருவர் பொறுத்துக்கொண்டு நலமாகவே இருக்கிறோம். மாட்ரிட்டில் நீயும் குழந்தைகளும் இதைவிட மேலாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தொலைபேசியில் நீ கேட்டபோது தம்பி அர்னால்தோ பக்கத்திலேயே நின்றதால் பேச்சை மாற்றிவிட்டேன். அவனுடைய படத் தொழில் ஏன் படுத்துவிட்டது, அவன் சோம்பேறியா, உன் பார்சல் நிறுவனத்தில் வண்டியோட்டும் வேலைக்கு அவனுக்காகப் பேசிவைத்திருப்பதால் விமானச் சீட்டு வாங்கலாமா என்று கேட்டாய். முதலிரண்டுக்கும் விடை கண்டுபிடித்துவிட்டேன்.

தொலைபேசியில் படத்தின் பெயரைச் சொன்னால் டிவிடி வட்டை வாடகைக்கு வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்து மறுநாள் திரும்ப வாங்கிவரும் யோசனை உன்னுடையது. அங்கே ஓடுகிறது, இங்கேயும் ஓடும் என்றாய். தெருவெல்லாம் பாராட்டியது, எல்லோரும் ஒருமுறை கேட்டார்கள், சிலர் இரண்டாம் முறையும் கேட்டார்கள், மூன்றாம் முறை ஒருவரும் கேட்கவில்லை. பொருளியல் படித்தவள் என்பதால் முதலில் வாடகையைச் சந்தேகித்தேன், பிறகு சந்தை முனையில் விற்கும் திருட்டு வட்டுகளை, பிறகு உன்னைப் போலவே அவனை. மூன்றும் தவறு என்று தெரிந்துகொள்ள ஒரு சனிக்கிழமை மாலை அவனோடு வண்டியில் ஏறிப் போக வேண்டியிருந்தது.

அன்று முதலில் படம் கேட்டிருந்த தோன்யா பசிலியாவின் வெளிக்கதவருகே நின்று, வீட்டாரைக் கூப்பிட அவன் கைதட்டினான். அவள் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு உடுத்தும் உடையில் வெளியே வந்து, “உள்ள வா ராசா, படம் எங்கயும் ஓடிடாது” என்றாள், என்னைக் கண்டதும், “அட, அம்மாவையும் கூட்டிட்டு வந்திருக்கியே, முன்னாடியே சொல்லியிருந்தா ஒரு கோழிய அடிச்சிருப்பேனே!” என்று அவனைக் கடிந்துகொண்டாள். மாமர நிழலில் நாற்காலிகள் தயாராக இருந்தன, பனிக்கட்டி மிதக்கும் கூஜாவும் இருந்தது, குளிர்ந்த தெரெரே மூலிகைத் தேநீர்க் கோப்பை ஒரே உறிஞ்சுகுழலோடு கைமாறிச் சுற்றத் தொடங்கியது. முதல் சுற்றிலேயே எழுந்து போக உன் தம்பி என்ன மிருகமா? அடுத்த வீட்டிலும் அதே உபசாரம். அதற்கடுத்த வீட்டார் நாங்கள் போய்ச் சேர்வதற்குள் காத்திருந்து சலித்து, தொலைக்காட்சித் தொடரைப் பார்க்க உட்கார்ந்துவிட்டார்கள். ஆனால் தாமதமும் முழுக் காரணமல்ல. மறுவாரம் மாதா கோவில் வாசலில் பசிலியாவையே பிடித்துக் கேட்டேன். “உங்க பையன் தங்கம், அதுல குறை சொல்ல மாட்டேன். ஆனா அவன் வர்றான்னா முற்றம் பெருக்கணும், ஐஸ் வாங்கணும், சீபா ரொட்டி சுடணும், எங்க வீட்டு மனுஷனச் சட்டை போட வைக்கணும். இத்தனையும் முடிச்சிட்டுப் படம் பாக்கத் தெம்பு எங்க இருக்கு? போதாததுக்கு வட்டைத் திருப்பி வாங்க மறுநாளும் வருவான்!” என்றாள்.

நான் அறிவாளியல்லவா, வட்டைப் பையிலிட்டு வெளிக்கதவில் மாட்டிவிட்டு உள்ளே போகாமல் திரும்பிவிடு என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அப்படியே செய்தான். அடுத்த நாளே பசிலியா கண் சிவக்க நம் வீட்டுக்கு வந்து, “தபால்காரன்கூட ஒரு வாய் குடிச்சிட்டுத்தான் போறான், எங்க வீட்டுத் தண்ணில மட்டும் விஷமா கலந்திருக்கு?” என்று என்னிடமே நியாயம் கேட்டாள். அர்னால்தோ அவள் வீட்டுக்குப் போய் ஒரு பிற்பகல் முழுவதும் உட்கார்ந்து சமாதானம் செய்தான், திரும்பி வந்து, “பையை மாட்டிட்டு ஓடுறப்ப திருடன் மாதிரி இருந்துச்சும்மா, இனி என்னால முடியாது” என்றான். தொழிலை அன்றோடு நிறுத்திவிட்டான். ஆகவே மகளே, அவன் சோம்பேறியல்ல. வீட்டுக்கு ஒரு பொருளைக் கொண்டுவருபவன் விருந்தாளியாகிவிடும் ஊரில், பொருளைவிட விருந்தாளி அதிகச் சுமை என்பதை நீயும் நானும் யோசிக்கவில்லை.

நீ பேசிவைத்த வேலையைப் பற்றி அவனிடம் சொன்னேன். சம்பளத்தைக் கேட்கவில்லை, குளிரைக் கேட்கவில்லை. “அங்க பார்சலோட போனா, உள்ள வந்து உக்காருன்னு யாராச்சும் சொல்வாங்களா?” என்று மட்டும் கேட்டான். எனக்குத் தெரியாது என்றேன். அக்காவின் பதில் வரட்டும், பிறகு முடிவு சொல்கிறேன் என்று காத்திருக்கிறான். யாரும் சொல்ல மாட்டார்கள் என்றால் அந்தத் தொழில் அவனுக்குக் கைகூடலாம். அவன் அங்கே தாக்குப்பிடிப்பானா என்பது வேறு விஷயம். என்னைக் காரணம் காட்டி எதையும் தீர்மானிக்க வேண்டாம், எரிவாயு உருளையைத் தூக்கிவைக்க ஆள் கிடைக்கும்.

தேவமாதா உங்களையெல்லாம் காப்பாற்றட்டும். குழந்தைகளோடு வீட்டில் நம் மொழியில் பேசு, சின்னவளுக்குக் காதுவலி திரும்பினால் பாட்டி வைத்தியம் பார்க்காமல் மருத்துவரிடம் போ. சீட்டு வாங்குமுன் மறக்காமல் தம்பிக்கு நேரே ஒரு கடிதம் எழுது. உன் கதவுவரை பார்சல் தூக்கிவருபவரை இத்தனை ஆண்டுகளில் ஒருமுறையாவது நீ உட்காரச் சொன்னதுண்டா என்று அதில் எழுது. ஆறுதலுக்காக எதையும் சேர்க்காதே.

உன் தாய்,
எதுவிகிஸ் ஒகாம்போஸ்