கலினா கை தூக்கியபோது

பிப்ரவரி 6, செவ்வாய்

ஆறு பிள்ளைகள். செப்டம்பரில் பதினொரு பேர் இருந்தார்கள். இசைப் பள்ளி இயக்குநர் ஸ்தாய்கோவா இன்று என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"திமித்ரினா, உன் கிளாஸ்ல மட்டும் ஏன் பசங்க நின்னுட்டே போறாங்க? கொஞ்சம் ஜாலியா சொல்லிக் குடுக்கக் கூடாதா? எல்லாம் சின்னக் குழந்தைங்கம்மா. இப்படியே போனா அடுத்த வருஷம் உனக்கு அரை நாள் வேலைதான்."

ஜாலி! பியானோ என்ன ஊஞ்சலா? ஆறு வயதில் விரல் படியாவிட்டால் பத்து வயதில் யார் வந்து திருத்துவார்கள்? இதையெல்லாம் சொல்லவில்லை. "பாக்கறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

பக்கத்து அறை ஓக்னியானிடம் பத்தொன்பது பிள்ளைகள். இருபத்தாறு வயதுப் பையன், போன கோடையில்தான் வேலைக்குச் சேர்ந்தான். பார்த்தால் ஒரு சிரிப்பு சிரிப்பான். நான் தலையாட்டுவேன். அவ்வளவுதான்.

பிப்ரவரி 13, செவ்வாய்

எழுதியே ஆகவேண்டும்.

கலினா. ஆறு வயது. கால் தரைக்கு எட்டாது, காலடியில் பலகை போட்டுத்தான் உட்காருவாள். அதிகம் பேசாத பெண். எட்டே வரிசை உள்ள சின்னப் பாட்டு. "நாலு தடவை தப்பில்லாம வாசி, அப்பறம்தான் எழுந்திருக்கணும்" என்றேன். வழக்கமாகச் சொல்வதுதான்.

மூன்றாவது தடவை நடுவில் வலது கையைக் கட்டையிலிருந்து மேலே தூக்கினாள். சோம்பல் என்று நினைத்தேன். மணிக்கட்டைப் பிடித்துக் கீழே அழுத்தினேன். "கை கீழ." வாசித்தாள். நாலாவது தடவையும் வாசித்தாள். ஒரு தப்பு இல்லை. "பாத்தியா, முடியுதுல்ல?" என்றேன்.

அப்புறம்தான் பார்த்தேன். இருக்கையின் ஓரத்திலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

அவள் அழவில்லை. என்னைப் பார்த்து, "டீச்சர், மறுபடி வாசிக்கணுமா?" என்று கேட்டாள்.

என் சால்வையை அவள் இடுப்பில் சுற்றினேன். தரையைத் துடைத்தேன். அம்மா மிலேனா வந்து நின்றதும் என் வாய் தானாகச் சொல்லிற்று: "தண்ணி கொட்டிடுச்சு." கலினா அண்ணாந்து என்னைப் பார்த்தாள்.

பிப்ரவரி 14

இன்று திராட்சைக் கொடி வெட்டும் பண்டிகை. என் கணவன் ப்ளாமெனும் அவனோடு துறைமுகத்தில் வேலை செய்பவர்களும் மதியத்திலிருந்தே ஒயினோடு பாடிக்கொண்டிருக்கிறார்கள். நான் ஒரு குழந்தையின் எதிரிலேயே பொய் சொல்லியிருக்கிறேன்.

பிப்ரவரி 20, செவ்வாய்

கலினா வரவில்லை. அவள் நேரத்துக்கு மிலேனா வந்தாள். சால்வையைத் துவைத்து இஸ்திரி போட்டுக் கொண்டுவந்திருந்தாள்.

"அது தண்ணி இல்லையாமே?"

நான் சால்வையை வாங்கிக்கொண்டேன்.

"நேத்துதான் சொன்னா. ஒரு வாரமா மறைச்சு வெச்சிருக்கா. ஏன்டின்னு கேட்டா, 'டீச்சர் தண்ணின்னு சொல்லிட்டாங்க, நான் மாத்திச் சொன்னா அவங்கள திட்டுவாங்க'ங்கறா. உங்களக் காப்பாத்தறா என் பொண்ணு! பாத்ரூம் போகணும்னு கேக்கத்தான் கைய தூக்கியிருக்கா."

"மிலேனா, நான்..."

"நான் யார்கிட்டயும் புகார் குடுக்கப் போறதில்ல. அவ இனிமே வரமாட்டா. அவ்வளவுதான்."

ஐந்து பிள்ளைகள்.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் விரல் கணுவில் பென்சிலால் தட்டுவாள். நான் இந்த இருபத்திரண்டு வருடத்தில் ஒருநாளும் பென்சிலை எடுத்ததில்லை. அதனாலேயே நான் நல்ல டீச்சர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 27, செவ்வாய்

வண்ண ஸ்டிக்கர்கள் வாங்கினேன். கையில் மாட்டிக்கொள்ளும் முள்ளெலி பொம்மை ஒன்றும். இவாய்லோவின் பாடம். எட்டு வயது, வாய் ஓயாதவன். முள்ளெலியை மாட்டிக்கொண்டு கீச்சுக் குரலில், "வணக்கம் இவாய்லோ! இன்னைக்கு நாம எல்லாரும் சேர்ந்து விளையாடலாமா?" என்றேன்.

அவன் பொம்மையை விட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தான்.

"டீச்சர், உங்களுக்கு உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான்டா இருக்கேன். ஏன்?"

"ஏதோ மாதிரி பேசறீங்க. பயமா இருக்கு."

முள்ளெலியை இழுப்பறையில் போட்டு மூடினேன்.

பிப்ரவரி 28

காலையில் இதைச் சொன்னதும் ப்ளாமெனுக்குச் சிரிப்பில், தின்றுகொண்டிருந்த பனிட்சா புரையேறிவிட்டது. சிரிக்கட்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டான்: "சரி திமா, நீ கடைசியா எப்ப சும்மா ஆசைக்கு வாசிச்ச?"

எங்கள் வீட்டுப் பியானோவின் மேல் மடிக்காத துணி கிடக்கிறது. மூடியைத் திறக்க வேண்டுமானால் முதலில் அதை எடுக்கவேண்டும்.

எப்போது வாசித்தேன்? மத்தியானம்வரை யோசித்தேன். ஞாபகம் வரவில்லை.

மார்ச் 1, வெள்ளி

வசந்தம் பிறந்ததென்று ஊரில் எல்லார் மணிக்கட்டிலும் சிவப்பும் வெள்ளையுமாய் நூல். நானும் ஒன்று வாங்கிக்கொண்டு கலினா வீட்டுக்குப் போனேன். நாலு மாடி. இரண்டு தடவை படியில் நின்றுவிட்டேன். மிலேனா கதவைத் திறந்தாள், உள்ளே வா என்று சொல்லவில்லை. கலினா அவள் பாவாடைக்குப் பின்னால் நின்றாள். நான் வாசலிலேயே குந்தி உட்கார்ந்தேன்.

"கலினா, தப்பு உன்னோடது இல்ல. நீ கை தூக்கினே. நான்தான் என்னன்னு கேக்கல."

"அம்மாகிட்ட பொய் சொன்னீங்க."

"ஆமா."

"ஏன்?"

"பயம்."

"உங்களுக்கா? யாரப் பாத்து?"

"உங்கம்மாவப் பாத்து."

கலினா திரும்பி அம்மாவை மேலும் கீழுமாகப் பார்த்தாள். "அம்மா ஒண்ணும் பண்ணமாட்டாங்களே" என்றாள். மிலேனா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"நான் வரமாட்டேன்" என்றாள் கலினா.

"சரி."

நூலை வாங்கிக்கொண்டாள். கையில் கட்டிவிட விடவில்லை.

மார்ச் 19, செவ்வாய்

இவாய்லோ இருபது நிமிடம் தாமதம். மூச்சிரைக்க ஓடிவந்தான். "டீச்சர்! டிராலி பஸ்ஸோட கம்பி ரெண்டும் மேல கரண்ட் லைன்ல இருந்து கழண்டு போச்சு! டிரைவர் இறங்கி வந்து கயிறு புடிச்சு இழுத்து மாட்டினாரு!"

வாயைத் திறந்துவிட்டேன், 'பேசாமல் உட்கார்' என்று சொல்ல. என்னவோ, வேறு ஒன்று வந்தது. "எப்படி இருந்துச்சு? வாசிச்சுக் காட்டு."

இடது கையில் உறுமல். ஏறிற்று, ஏறிற்று. திடீரென்று உச்சியில் இரண்டு கட்டைகளை அடித்தான். கம்பி கழன்றுவிட்டது. அப்புறம் அமைதி. ஒரு விரலை நீட்டி முணுமுணுத்து எண்ணினான்: டிரைவர் இறங்குகிறார், நடக்கிறார், இழுக்கிறார், மாட்டுகிறார். நாலு. பஸ் மறுபடி கிளம்பிற்று.

நாலு மாதமாக இந்தப் பையனுக்கு நாலு தட்டு வாசிக்காமல் காத்திருக்கும் ஓய்வைச் சொல்லிக்கொடுக்கிறேன். ஒருநாளும் இரண்டுக்கு மேல் பொறுத்ததில்லை!

"இப்ப நீங்க பஸ், நான் டிரைவர்" என்றான். வாசித்தேன். நடுவிலேயே நிறுத்தினான். "டீச்சர், நம்ம பஸ் இவ்வளவு சுத்தமா ஓடாது."

சத்தமாகச் சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் பியானோ மேல் கிடந்த துணியையெல்லாம் எடுத்துக் கட்டிலில் போட்டேன்.

ஏப்ரல் 9

மாறிவிட்டேன் என்று நினைத்தேனா? இன்று சின்னவள் ராதினா மூன்று தடவை ஒரே இடத்தில் தப்பு செய்தாள். என் கை அவள் மணிக்கட்டை நோக்கிப் போய்விட்டது. பாதியில் நிறுத்தினேன். அவள் பார்த்துவிட்டாள், தோளைச் சுருக்கிக்கொண்டாள். பட்டும் புத்தி வரலியே எனக்கு. இந்தக் கையை என்ன செய்ய?

ஏப்ரல் 23, செவ்வாய்

மிலேனா போன் செய்தாள்.

"சாப்பாட்டு மேஜையத் தட்டிக்கிட்டே இருக்கா. பியானோ வேணுமாம். நேத்து ஸ்கூலுக்குக் கூட்டிட்டு வந்தேன். உங்க ரூம் கதவு வரைக்கும் வந்தா. அப்பறம் காலு நகரல. என்ன பண்றதுன்னு தெரியல."

கூட்டிக்கொண்டு வாருங்கள், நான் இப்போது அப்படி இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்ல எவ்வளவு ஆசையாக இருந்தது! ஸ்தாய்கோவா மே மாதம் தலைகளை எண்ணுவாள், அதுவும் ஞாபகத்துக்கு வந்தது.

"பக்கத்து ரூம் ஓக்னியான்கிட்ட சேருங்க. நான் அவன்கிட்ட பேசறேன்."

"நீங்களா சொல்றீங்க?"

"நான்தான் சொல்றேன்."

ஓக்னியானிடம் நடந்ததை எல்லாம் சொன்னேன், ஒன்று விடாமல். இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை. "நான் பாத்துக்கறேன் அக்கா" என்றான்.

மே 14, செவ்வாய்

அடுத்த வருடம் அரை நாள் வேலை என்று காகிதம் வந்துவிட்டது. கையெழுத்துப் போட்டேன்.

நாலு மணிக்கு இவாய்லோ வந்தான். இரண்டு பேரும் வாசித்துக்கொண்டிருந்தோம். சுவருக்கு அந்தப் பக்கம், ஓக்னியான் அறையில், யாரோ முழங்கையால் கட்டைகளை அறைவதுபோல் ஒரு சத்தம். அதற்கு மேல் ஒரு கத்தல்: "இல்ல! அப்படி இல்ல! நான் சொல்ற மாதிரி நீங்க வாசிங்க!"

கலினா. என்னிடம் படித்த அத்தனை மாதமும் இவ்வளவு நீளமாக அவள் ஒரு தடவைகூடப் பேசியதில்லை. குரல் நான் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது.

என் கை கட்டை மேலேயே நின்றுவிட்டது.

"ஏன் டீச்சர் நிறுத்திட்டீங்க?" என்றான் இவாய்லோ. காதைப் பொத்திக்கொண்டு, "அந்தப் பொண்ணு என்ன இவ்ளோ சத்தம் போடுது?" என்றான்.

"போடட்டும்" என்றேன்.