மாமாவின் பெயரில் நான் ஓடிய ஓட்டம்

என் ஆசை மாமாவுக்கு,

நீ போய் நான்கு மாதம் ஆகிறது. கன்டெய்னர் யார்டில் உன் கிரேனை இப்போது வேறு ஆள் ஓட்டுகிறார். காலடிப்பேட்டை வீட்டில் அக்கா கருவாட்டுக் குழம்பு வைப்பதையே விட்டுவிட்டாள். "நான்தான் உப்பும் காரமுமா ஆக்கிப் போட்டு அந்த மனுசனைக் கொன்னுட்டேன்டா" என்று அழுகிறாள். வெட்கங்கெட்டவன் நான், குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டு வருகிறேன்.

போன வருஷ மெடிக்கல் செக்கப் நினைவிருக்கிறதா? கிரேன் ஏணியில் பாதி ஏறுவதற்குள் உனக்கு மூச்சு வாங்கியது. டிரெட்மில்லில் ஓட முடியாவிட்டால் கிரேனை விட்டு இறக்கிவிடுவார்களே என்று பயந்தாய். "நீ டீ குடிச்சுகினு இரு மாமா, நான் ஓடிட்டு வரேன்" என்று உன் அடையாள அட்டையை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். "மாட்டிக்கினா பேஜாருடா" என்றாய். நான் கேட்டேனா?

போட்டோவை யாரும் பார்க்கவில்லை. நெஞ்சில் ஒயர்களோடு ஓடினேன். "ஹார்ட் நல்லா கீதுபா" என்றார் அங்கிருந்தவர். அன்றைக்கு அதைச் சொல்லிச் சொல்லி எவ்வளவு பீற்றிக்கொண்டேன்! அது என் இதயம், மாமா. உன்னுடையதை யாருமே பார்க்கவில்லை.

ஆறே மாதத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய். ஆஞ்சியோ எடுத்த டாக்டர் படத்தைக் காட்டினார். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் ஓரிடத்தில் திராட்சை போல வீங்கி, உள்ளே ரத்தம் உறைந்திருந்தது. அக்கா அந்தப் பழைய ரிப்போர்ட்டை நீட்டினாள். டாக்டர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"இது இவரோடதுதானா? இந்த டெஸ்ட்லயே கோளாறு தெரிஞ்சிருக்கணுமே. அப்பவே வந்திருந்தா வீங்கின இடத்தை அடைச்சிட்டு, கால்ல இருந்து ரத்தக்குழாய் எடுத்து வேற பாதை போட்டிருக்கலாம். இப்போ இதயமே ரொம்ப பலவீனமாயிடுச்சு."

"அவரோடதுதான் சார்" என்றேன். கட்டிலில் படுத்திருந்த நீ என்னைப் பார்த்தாய். கண்ணை மூடிக்கொண்டாய். ஏன் மாமா உண்மையைச் சொல்லவில்லை? அக்கா பக்கத்தில் நின்றாள் என்றா?

மறுநாள் அதே அறுவை சிகிச்சையைத்தான் செய்தார்கள். உன் இதயம் தாங்கவில்லை.

அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அக்கா. அவளை இழந்துவிடுவேனோ என்றுதான் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை. என் பாவத்தை அவள் தலையில் சுமக்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாளைக் காலை போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். அடிக்கட்டும், கதவைச் சாத்தட்டும். இது உனக்கு நான் செய்யும் சத்தியம்.

அதற்குப் பிறகும் அவள் என்னைத் தம்பி என்றால்தான் நான் உனக்கு மச்சான். இன்றைக்கு மட்டும் அப்படி எழுதிக்கொள்கிறேன்.

உன் மச்சான்,
குமார்