மரயானைக்கு அழுதவர்கள் பொருட்டு வடகரைக்கு விடுத்த ஓலை

மலை நிலைக்க. மழை பொழிக. நீலியாற்றின் இரு கரையிலும் விளக்கு அணையாதிருக்க.

வேழமலை நாட்டையும் அதன் கணவாய்களையும் காப்பவளும், வெண்சங்குக் கொடி உடையவளும், காலஞ்சென்ற பெருமன்னர் வயமாறரின் ஒரே மகளுமாகிய நன்முகைப் பெருந்தேவி, வடகரைப் படைகளின் தண்டநாயகரும், நம் அன்னையுடன் பிறந்தவரும், நம்மைக் குதிரையேற்றிப் பழக்கிய அம்மானுமாகிய குன்றவாண அரையர் அவர்களுக்கு விடுக்கும் ஓலை. தாங்கள் நலமாக இருப்பதாக அறிந்தோம். மேனியில் ஒரு கீறலும் இல்லை என்றும் அறிந்தோம். தங்களை நம்பி ஓடமேறியவர்களைப் பற்றி அவ்வாறு சொல்ல முடியாததால், வழக்கமான நலவிசாரிப்பை இத்துடன் நிறுத்துகிறோம்.

இவ்வோலை தங்கள் கண்ணுக்கு மட்டும் உரியதன்று. இதைக் கொண்டுவரும் தளபதி கீழைவேள் ஓடத்துறையில் நின்று, படைகள் அனைத்தும் கேட்க, இதை உரக்கப் படிப்பார். ஆகவே தாங்கள் நன்கறிந்தவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. தங்கள் வாயிலிருந்து வேறு கதை கேட்டவர்கள் அங்கே பலர் உண்டு.

நம் பாட்டனார் காலம் தொட்டு நமக்கும் அக்கரைக் கருந்துறை நாட்டுக்கும் இந்த ஒரு துறையின் பொருட்டே பகை. அதை முடித்துக்கொள்ளக் கருந்துறை வேந்தர் இளங்கடலர் தாமே முன்வந்தார். சில காவலரோடு மட்டும் நம் கரைக்கு வந்து, நம் கூடாரத்தில் தங்கி, நம் உப்பை உண்டார். உடன்படிக்கையில் முத்திரை வைக்க வேண்டிய நாளுக்கு முந்தைய மாலை, விருந்தினரை மகிழ்விக்கப் பாவைக்கூத்து ஒன்று நடந்தது. ஆடியவர்கள் எந்த நாட்டையும் சேராதவர்கள். ஆற்றோரமாக ஊர் ஊராக நடந்து பிழைப்பவர்கள். வெள்ளச்சி என்பவள் அவர்களுக்குத் தலைவி. இரு நாட்டு வீரர்களும் ஆயுதங்களைக் கூடாரத்தில் வைத்துவிட்டு, ஆற்றுமணலில் கலந்து அமர்ந்து பார்த்தார்கள்.

கூத்தின் கதை சிறியது. ஒரு பாகன், ஒரு யானை. பாகன் எதைக் கீழே போட்டாலும் எடுத்துக்கொண்டுவந்து கையில் கொடுக்கப் பழகிய யானை அது. அதற்குக் கண் மங்கிப்போகிறது. தீனி போட்டுக் கட்டாது, காட்டில் விட்டுவிடு என்று ஊரார் சொல்கிறார்கள். பாகன் அதைக் காட்டில் கொண்டுபோய் விடுகிறான். அது வாசனை பிடித்துப் பின்னாலேயே வருகிறது. அதட்டிப் பார்க்கிறான், போகவில்லை. கடைசியில் ஒரு கல்லை எடுத்து அதன்மேல் எறிகிறான். நெற்றியில் பட்டுக் கீழே விழுந்த அந்தக் கல்லை யானை தும்பிக்கையால் தடவித் தடவித் தேடி எடுத்து, நடந்து வந்து, அவன் கையில் கொடுக்கிறது.

அந்த இடத்தில் கருந்துறை வேந்தர் அழுதார். முகத்தை மறைக்கவில்லை. அரசர் என்பதற்காக அடக்கிக்கொள்ளவும் இல்லை. மணலில் அமர்ந்திருந்த நம் வீரர்களும் அவர் வீரர்களும் அழுதார்கள். தாங்கள் அழவில்லை. தாங்கள் அவரைக் கவனித்துக்கொண்டிருந்தீர்கள்.

மறுநாள் முத்திரை வைக்க நாள் நன்றாக இல்லை என்று சோதிடர் பெயரால் தடை சொல்லி, வேந்தரை அக்கரைக்கு அனுப்பிவைத்துவிட்டு, நமக்குக் குதிரைவீரன் வழியே தாங்கள் சொல்லியனுப்பியது இது: “மரக்கட்டைக்கு அழுகிறவன் துறையைக் காக்க மாட்டான். உத்தரவு தருக. ஒரு காலைப்பொழுதில் முடித்துவிடுகிறேன்.”

முத்திரை வைக்க வேண்டும், ஓர் ஓடமும் நீரில் இறங்கக் கூடாது என்று அந்த வீரனிடமே மறுமொழி தந்தோம். அவன் அதைத் தங்கள் கையில் கொடுத்தான். தாங்கள் பிரித்துப் படித்ததைப் பார்த்துக்கொண்டு நின்றான். பின்னர், ஓலை தாமதமாக வந்தது என்று தாங்கள் சொன்னதாகக் கேள்விப்பட்டோம். அவ்வீரன் இப்போது நம் அவையில் இருக்கிறான்.

நம் மறுமொழி கிடைத்த அடுத்த நாள் பனி விலகுமுன் ஓடங்களை இறக்கினீர்கள். அக்கரையில் அவர்கள் உடன்படிக்கைக்காகத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். தங்கள் கணக்குப்படி, அழுகிற வேந்தர் அரண்மனைக்கு ஓடியிருக்க வேண்டும். அவர் இடுப்பளவு நீரில் இறங்கி, ஓடக்காரர்களோடும் மீன் பிடிக்கிறவர்களோடும் தோள் சேர்த்து நின்றார். நம் ஓடங்கள் கவிழ்ந்தன. சிலர் மாண்டார்கள், பலர் காயமுற்று அக்கரையில் கிடந்தார்கள், தாங்கள் இக்கரை மேட்டில் குதிரைமேல் இருந்தீர்கள்.

இதுவரை நடந்தது பேராசை. இதற்கு மன்னிப்பு உண்டோ இல்லையோ, மருந்தாவது உண்டு. இதற்குப் பின் தாங்கள் செய்தவற்றை எழுதப் புகுந்தபோது ஓலைநாயகத்தின் கை தயங்கியது. அவரை அனுப்பிவிட்டேன். இனி வருவதை நானே எழுதுகிறேன். தாங்கள் என்று எழுதவும் எனக்கு மனம் வரவில்லை.

தோற்றதற்குக் காரணம் தேடினீர். உம்மிடம் தேடாமல் கூத்தாடிகளிடம் தேடினீர். அழவைத்து என் வீரரைப் பெண்டுகளாக்கினார்கள் என்று சொல்லி அவர்களை உப்புக்கிடங்கில் அடைத்தீர். நானும் ஒரு பெண்தான் என்பது அச்சொல்லைச் சொல்லும்போது உமக்கு நினைவில் இல்லை போலும். அவர்களுடைய பாவைகளைத் துறையில் குவித்துத் தீயிட்டீர். கூத்தில் அழுதவர் எவரெவர் என்று கேட்டு, மறைக்காமல் கை உயர்த்தியவர்களை முன்வரிசையில் நிறுத்தி, அந்த யானை எரிவதைப் பார்க்கச் செய்தீர். வெள்ளச்சி அப்போது சொன்னதை அங்கிருந்தவர்கள் மறக்கவில்லை. “எரிங்க சாமி. காட்டுல வேற மரம் இருக்கு, செதுக்கிக்கிறோம். அழுத பிள்ளைங்கள நிறுத்தி வச்சு இதப் பாக்கச் சொல்லாதீங்க” என்று அவள் சொன்னாள். அதற்காக அவளை அடித்தீர்.

இதைவிடப் பெரியது ஒன்று செய்தீர். இளங்கடலர் நம் காயம்பட்டவர்களுக்குக் கட்டுப் போட்டு, கஞ்சி ஊற்றி, மாண்டவர்கள் ஒவ்வொருவர் மீதும் துணி போர்த்தி, அவரவர் பெயரைப் பிழைத்தவர்களிடம் கேட்டறிந்து, அனைவரையும் மாட்டுவண்டிகளில் ஏற்றி அக்கரைத் துறைக்கு அனுப்பினார். ஓடம் அனுப்பி வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். நீர் ஓடம் அனுப்பவில்லை. வாங்கிக்கொண்டால் அவர் கருணையை ஒப்புக்கொண்டதாகும் என்றீராம். வெயிலில் வண்டிகள் நிற்கின்றன. காயத்தில் ஈ மொய்க்கிறது. நம் பிள்ளைகள் எதிரில் தெரியும் தம் கரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார்கள்.

இவை எல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று நினைப்பீர். உம் ஈட்டிப்படையைச் சேர்ந்த நொச்சியன் அந்த வண்டியிலிருந்து இறங்கி, ஒரு மரத்துண்டைப் பிடித்துக்கொண்டு ஆற்றைக் கடந்தான். உம் ஆட்கள் கண்ணில் படாமல் துறையில் நடப்பதை விசாரித்தறிந்து, தொடையில் ஆறாத புண்ணோடு தலைநகர் வந்து சேர்ந்தான். அவையில் நிற்க முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். கூத்தில் நீயும் அழுதாயா என்று கேட்டேன். ஆம் என்றான். அதனால் போரில் கை தளர்ந்ததா என்று கேட்டேன். பொய் சொல்லியிருக்கலாம், அவையில் இருந்தவர்களும் அதைத்தான் விரும்பினார்கள். அவன் சொன்னான்:

“தளர்ந்துச்சு தாயே. கருந்துறை ஆளு ஒருத்தன் கூத்துல என் பக்கத்துல உக்காந்திருந்தான். ஆனை கல்லக் கொண்டாந்து குடுத்தப்ப மூக்கச் சிந்தத் துணியில்லாம தவிச்சேன். தன் துண்டோட முனையக் குடுத்தான். ஆத்துக்குள்ள அவன் எதிர்ல வந்து நின்னான். எனக்குக் கை ஓங்கல. அவனுக்கும் ஓங்கல. அதுக்குள்ள வேற எவனோ என்னக் குத்திட்டான். என்னக் கரைக்கு இழுத்துட்டுப் போனது அவன்தான்.”

அதோடு, “ஆனா ஓடத்துல ஏறமாட்டேன்னு எங்கள்ல ஒருத்தனும் சொல்லல. ஒருத்தனும் திரும்பி ஓடல. அத மட்டும் தண்டநாயகர்கிட்டச் சொல்லுங்க” என்றான்.

சொல்லிவிட்டேன்.

ஆகவே நீர் சொன்னது முழுப் பொய் அன்று. கூத்து கையைத் தளர்த்தியது உண்மை. தளர வேண்டிய கை தளர்ந்தது. நம் உப்பைத் தின்றவனை, நம்மோடு மணலில் உட்கார்ந்தவனை, அரசியின் ஆணைக்கு மாறாகக் கொல்லச் சொன்னால், மனிதன் கை தளரத்தான் செய்யும். உமக்குத் தளரவில்லையே என்பதுதான் என் கோபம்.

மரக்கட்டை என்றீர். மரம் என்று தெரியாமலா அழுதார்கள்? கயிறு கண்ணுக்குத் தெரிகிறது. கயிற்றை ஆட்டும் கை தெரிகிறது. நாளைக் காலை அந்த யானையைப் பெட்டியில் போட்டு மூடுவார்கள் என்பது குழந்தைக்கும் தெரியும். தெரிந்தும் அழுகிறான் என்றால், தனக்கு ஒரு லாபமும் இல்லாத இடத்திலும் பிறர் துன்பம் அவனுக்குப் படுகிறது என்று பொருள். அப்படிப்பட்டவன் நீரில் இறங்கித் தன் குடிகளுக்கு முன்னால் நிற்பான் என்று நீர் அன்றே அறிந்திருக்க வேண்டும். அரை ஆயுள் படை நடத்திய உமக்கு இது தெரியாமல் போனதற்கு மாண்டவர்கள் விலை கொடுத்தார்கள்.

என் தந்தையின் சிதைக்கு முன்னால், அரசாளப் போகிறவள் அழக்கூடாது என்று சொல்லி என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினீர். நான் சிறுமி. கேட்டுக்கொண்டேன். அன்று முதல் அழாததை எல்லோரும் புகழ்ந்தார்கள், நீரும் பெருமையாகச் சொல்லிக்கொண்டீர். அதைச் சொல்லிக்கொள்ள இனி உமக்கு வாய்ப்பில்லை. நொச்சியன் பேசி முடித்ததும், அமைச்சர்களும் அயல்நாட்டுத் தூதரும் பார்த்திருக்க, நான் அரியணையில் உட்கார்ந்து அழுதேன். நான் காணாத கூத்துக்கும் அழுதேன், வண்டியில் கிடப்பவர்களுக்கும் அழுதேன், பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. வேறு யாரும் சொல்லி நீர் இதை அறிய வேண்டாம் என்று நானே எழுதுகிறேன். அழுது முடித்த பிறகும் என் ஆணைகள் ஆணைகளாகவே இருக்கின்றன. கேளும்.

இவ்வோலை படிக்கப்படும்போதே தண்டநாயக மோதிரத்தைக் கழற்றிக் கீழைவேளிடம் கொடுத்துவிட வேண்டும். உப்புக்கிடங்கைத் திறந்து கூத்தாடிகளை விடுவிக்க வேண்டும். அவர்கள் புதிய பாவைகள் செய்வதற்கு வேழமலைக் காட்டில் எந்த மரத்தை விரும்பினாலும் வெட்டிக்கொள்ளலாம், காவலர் தடுக்கலாகாது. வெள்ளச்சியை அடித்ததற்கு நீர் அவள் முன் நின்று, அவள் கேட்கும்படி, தவறு என்று சொல்ல வேண்டும். அவள் மன்னிப்பாளா என்பது அவள் விருப்பம், அதில் நான் ஆணையிட மாட்டேன். கை உயர்த்திய வீரர்கள் ஒருவர் மீதும் பழி இல்லை. அவர்கள் தத்தம் வரிசைக்குத் திரும்ப வேண்டும்.

நீர் படைவீரராக அன்றி, வாளும் குதிரையும் இல்லாமல், முதல் ஓடத்தில் அக்கரைக்குப் போக வேண்டும். இளங்கடலரிடம் நாட்டின் சார்பில் மன்னிப்பைக் கேட்க நான் வருகிறேன், அது உமக்குத் தந்த வேலை அன்று. உமக்கு வேலை வண்டிகளிடம். காயம்பட்டவர்களை முதலில் ஓடத்தில் ஏற்றும். மாண்டவர்களை ஆள்விட்டுத் தூக்கவேண்டாம். உம் கையால் இறக்கி, உம் கையால் ஏற்றி, இக்கரையில் காத்திருக்கும் அவரவர் தாயிடம், தந்தையிடம், மனைவியிடம், பெயர் சொல்லி ஒப்படைக்க வேண்டும். எதற்காக இறந்தான் என்று கேட்பார்கள். உண்மையைச் சொல்லும். இதில் ஒரு சொல் மாறினாலும் கீழைவேள் எனக்கு எழுதுவார்.

அதன்பின் உமக்கு என்ன தண்டனை என்பதை அவையில் முடிவு செய்வோம். அம்மான் என்ற உறவை அவையில் யாரும் எடுத்துப் பேசலாகாது என்று இப்போதே சொல்லிவிட்டேன்.

நம் கையெழுத்தும் வெண்சங்கு முத்திரையும் இட்டு, நம் கண்ணெதிரே நூல் சுற்றி, தளபதி கீழைவேளின் கையில் தந்தோம். இவ்வாணையைக் காப்பவர்க்கு நாடு துணை நிற்கும். மீறுபவர்க்கு நம் எல்லைக்குள் நிழலும் நீரும் இல்லை.

நான் இதற்குப் பின்னாலேயே புறப்பட்டுவிட்டேன். துறைக்கு வந்து இறங்கும்போது அக்கரையில் ஒரு வண்டி கூட நம் பிள்ளைகளைச் சுமந்து நிற்கக் கூடாது.