பூட்டாத வீடு

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் தங்கை எழுதுவது. நீயும் அண்ணியும் பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். மற்றதைக் கீழே எழுதியிருக்கிறேன். பொறுமையாகப் படி.

நினைவுக் கூட்டத்தில் வாசிக்கப் பாட்டியைப் பற்றி நான்கு வரி எழுதச் சொன்னாய். தொண்ணூறு தாண்டி வாழ்ந்தவளை நான்கு வரியில் அடக்க எனக்குக் கை வரவில்லை. ஆறு பெற்று இரண்டைப் பறிகொடுத்தவள். அம்மா போன பிறகு நம் இருவரையும் தன் பக்கத்திலேயே படுக்கவைத்து வளர்த்தவள். விடிந்ததும் கண்ணை மூடி உட்கார்ந்து, மளிகைக் கடையில் சாமான் சொல்வதுபோல் ஒவ்வொருவருக்கும் வேண்டியதைச் சாமியிடம் சொல்லுவாள். உனக்கு நல்ல வேலை, அண்ணிக்குச் சுகப்பிரசவம், சித்தப்பாவுக்குக் கோபம் குறைய வேண்டும். அந்தக் கடைசிச் சரக்கு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

அவளுடைய பெரிய வேண்டுதல் உனக்கும் தெரிந்ததுதான். சித்தப்பா குழந்தையாக இருந்தபோது காய்ச்சலில் கண் திறக்காமல் கிடந்தார். பிள்ளை பிழைத்தால் இந்த வீட்டை ஒருநாளும் பூட்ட மாட்டேன், வருகிறவர்களுக்கு உள்ளே எப்போதும் ஓர் ஆள் இருக்கும் என்று பாட்டி சாமிக்கு வாக்குக் கொடுத்தாள். பிள்ளை பிழைத்தது. அன்று வீடு நிறைய ஆட்கள், அதனால் யாருக்கும் அது பாரமாக இல்லை. பிறகு வேலை, கல்யாணம் என்று ஒவ்வொருவராகக் கிளம்பினீர்கள். பாட்டி படுக்கையில் விழுவதற்கு முன்பே அந்த ஓர் ஆள் நான்தான் என்று ஆகிவிட்டது. உன் கல்யாணத்தன்றுகூட நான் வீட்டுக் காவல். போட்டோவில் என்னைத் தேடிப் பார்த்துவிட்டு, தங்கை இருப்பதாகச் சொன்னீர்களே என்று அண்ணி உன்னைக் கேட்டாளாம். எல்லோரும் சிரித்தீர்கள், நானும் சிரித்தேன்.

எனக்குக் கோபம் வருகிறது அண்ணா. வாக்குக் கொடுத்தது பாட்டி, பிழைத்தது சித்தப்பா, உட்கார்ந்திருப்பது நான்.

வீட்டிலிருந்தே பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கிறேன் அல்லவா? அந்த முதலாளியம்மா வேறு ஊரில் புதிதாகத் தையல் கூடம் திறக்கிறார். அதைப் பார்த்துக்கொள்ள என்னைக் கூப்பிடுகிறார். தங்க இடமும் தருவாராம். மாதக் கடைசிக்குள் பதில் சொல்லாவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வார். கூட்டம் வரை இங்கே தங்கியிருக்கும் சித்தப்பாவிடம் சொன்னேன். "அப்ப வீடு?" என்று கேட்டுவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். அடக்கம் முடிந்து நீ ஊருக்குக் கிளம்பிய மறுநாளே எல்லோர் முன்னாலும் அவர் முடிவு சொல்லியாகிவிட்டது: "அம்மா வாக்கு வாக்குதான். சின்னவ இருக்கா, பாத்துப்பா." ஒருவர் விடாமல் தலையாட்டினார்கள். நீங்களே வந்து இருக்கலாமே என்று எனக்கு வாய்வரை வந்தது.

இப்போது முக்கியமான விஷயம். பாட்டி போன அன்று மத்தியானம், நான் அவள் வாயை நனைத்துவிட்டுத் துடைக்கும்போது, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "நீ போயிடும்மா. சாமிகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றாள்.

இதைச் சித்தப்பாவிடம் சொன்னபோது, வேறு யார் கேட்டார்கள் என்றார். அவளுக்குத்தான் இரண்டு நாளாகப் பேச்சே இல்லையே என்றாள் அத்தை. அத்தை சொல்வது பொய்யில்லை. அறையில் வேறு யாரும் இல்லை என்பதும் பொய்யில்லை.

நீ மூத்த பேரன். உன் பேச்சுக்கு இங்கே மதிப்பு உண்டு. கூட்டத்துக்கு வரும்போது பாட்டியே விடை கொடுத்துவிட்டாள் என்று எல்லோர் முன்னாலும் நீ சொல்ல வேண்டும். அந்த நான்கு வரியை நீயே எழுதிக்கொள். நான் எழுதினால் அழுகையும் கோபமும் கலந்துவிடும்.

பிள்ளைகளுக்கு என் முத்தம். பாட்டி கேட்ட நல்லதெல்லாம் உங்களுக்குக் கிடைக்கட்டும்.

ஒன்று மட்டும் மறைக்காமல் எழுது அண்ணா. பாட்டி அப்படி எதுவுமே சொல்லவில்லை என்று வைத்துக்கொள். அப்போதும் என்னைப் போ என்று சொல்வாயா?

வீட்டிலேயே இருக்கும்
உன் தங்கை