இறக்கையைத் தாங்கிய துண்டு

வியாசர்பாடி
14.8.2025

தம்பி நிலவனுக்கு,

அக்கா எழுதுகிறேன். ஐந்தாவது வரை படித்த கை, எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். திங்கட்கிழமை புழல் ஜெயிலுக்கு வந்து மனு போட்டு மூன்று மணி நேரம் நின்றேன். நீ பார்க்க வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாயாம். உள்ளே இருந்து வந்த காவலர், "ஜாமீனும் வேணான்றாரு, ஆளும் வேணான்றாரு, நீ வூட்டுக்குப் போக்கா" என்றார். அதனால் கடிதம். இதையும் பிரித்துப் படித்த பிறகுதான் உன்னிடம் கொடுப்பார்களாம். படிக்கட்டும்.

உங்க மாமா போய்ப் பதினெட்டு நாள் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை மன்றத்தில் படத்திறப்பு வைத்தார்கள். ஆதார் அட்டையில் இருந்த படத்தைத்தான் பெரிதாக்கினோம். மற்ற எல்லாப் படத்திலும் தூசிக்கு முகமூடி போட்டபடியே இருக்கிறார். பிள்ளை செங்கொடி அழவில்லை. எனக்கும் வரவில்லை. நேற்று நம் ஃபைபர் ஷெட்டுக்குப் போய், கண்ணாடி நூல் குத்துகிற அரிப்புக்கு அவர் கையில் பூசுகிற தேங்காய் எண்ணெயை எடுத்து வைத்துவிட்டு, யாருக்காக எடுத்தேன் என்றே தெரியாமல் சாயந்திரம் வரை உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு இன்னும் விளங்கவில்லை தம்பி. அவர் கார் ஓட்டவில்லை. ரேஸ் மைதானத்தில் டயர் அடுக்கிய சுவருக்குப் பின்னால் சும்மா நின்றார். மோகனப்ரியா என்கிற பெண் ஓட்டிய ரேஸ் கார், நேர் ரோட்டில் போகும்போது பின்னால் இருக்கிற இறக்கை பிய்த்துக்கொண்டு போய், கார் சுழன்று, டயர் சுவரைத் தள்ளிக்கொண்டு அவர் மேலே ஏறியிருக்கிறது. அந்தப் பெண்ணுக்குக் கை முறிந்ததோடு சரி. இறக்கையைத் தாங்குகிற துண்டு நம் ஷெட்டில் ஒட்டுப் போட்டது.

ரேஸுக்கு முந்தின வியாழக்கிழமை அந்தக் கார் எங்கேயோ இடித்து, வெள்ளிக்கிழமை உடைந்த கறுப்புக் கார்பன் துண்டு ரெண்டு நம்மிடம் வந்ததே. இறக்கைத் துண்டை நீதானே போட்டாய்? உடைந்ததில் ஒரு பாதியைப் போலீஸ் கொண்டுபோனது. இன்னொரு பாதி வேலிக்கு அந்தப் பக்கம் புல்லில் கிடந்ததாம். அந்த ரேஸ் டீமின் தலைமை மெக்கானிக் கமாலுதீன் பாய் அதைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். "போட்ட ஒட்டு அப்படியே உரிஞ்சிகினு வந்துகீதும்மா. படகு ரெசின் வாட வருது. கார்பன் மேல அத்த போய் யாராச்சும் ஊத்துவாங்களா? நிலவனுக்குத் தெரியாததா? ஸ்டேசன்ல குடுக்கறதுக்கு முந்தி நீ ஒரு தபா பாரு" என்றார். நான் பார்க்கவில்லை. கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.

கார்பனுக்குக் கார் ரெசின்தான், படகு ரெசின் ஒட்டாது என்று ஊருக்கே சொல்கிறவன் நீ. ஏன்டா போட்டாய்? அது மட்டும் எழுது.

உன் அக்கா
அன்பு


புழல்
20.8.2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஜெய்பீம். உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன்.

ஆமாம், நான்தான். வெள்ளிக்கிழமை மத்தியானம் ரெண்டு துண்டையும் நானே போட்டேன். கார் ரெசின் தீர்ந்துவிட்டது. டீம் ஆள் வாசலில் வண்டியோடு நின்றார். அவசரத்தில் படகு ரெசினைக் கலந்தேன். போலீசுக்கும் இதைத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வக்கீலைத் தேடி அலையாதே. மாமா முகத்தை நினைத்தால் இந்த இடம்கூட எனக்கு அதிகம்.

பாய் கொடுத்த சாக்கைப் பிரிக்காதே. அவரிடமே திருப்பிக் கொடு, இல்லையென்றால் எண்ணூர் முகத்துவாரத்தில் வீசிவிடு. அதைப் பார்த்து உனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை.

செங்கொடியைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பு. வீட்டிலேயே வைத்திருக்காதே.

உன் தம்பி
நிலவன்


வியாசர்பாடி
28.8.2025

தம்பி,

நீ எழுதியது பொய். வெள்ளிக்கிழமை மத்தியானம் நீ ஷெட்டிலேயே இல்லை. காலையில் ஒரு துண்டைப் போட்டாய், அதோடு கார் ரெசின் தீர்ந்தது, வாங்க அம்பத்தூர் போனாய். டின்னோடு திரும்பி வரும்போது மணி ஆறு. இன்னொரு துண்டை நான் போட்டேன்.

பிரிக்காதே என்று நீ எழுதியதால்தான் பிரித்தேன்.

கறுப்புக் கார்பன் துணிக்கு அடியில், படகுக்கு வைக்கிற வெள்ளைக் கண்ணாடி நூல் மேட் இருக்கிறது. கார்பனுக்கு அடியில் நீ மேட் வைப்பாயா? உங்க மாமா வைப்பாரா? படகுக்குத்தான் முதலில் மேட், அதன் மேலே துணி. பதினோரு வருஷமாகக் காத்திவாக்கம் படகுகளுக்கு நான் அப்படித்தான் போடுகிறேன். கத்திரி படாமல் கையால் கிழித்த மேட், ஓரம் பஞ்சு பஞ்சாக. அது என் கை.

பாய் இறக்கை, இறக்கை என்று சொன்னபோதுகூட எனக்குத் தோன்றவில்லை. நான் போட்டது ஏதோ மூடி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு எல்லாம் கறுப்புத் துண்டுதான். எதை எங்கே மாட்டுவார்கள் என்று கேட்டதில்லை. முழுக் காரை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

அன்றைக்கு டீம் ஆள், "இன்னும் எவ்ளோ நேரம்க்கா, இன்னும் எவ்ளோ நேரம்க்கா" என்று நச்சரித்துக்கொண்டே இருந்தார். நான் உங்க மாமாவுக்குப் போன் போட்டேன். முகத்துவாரத்தில் ஒரு படகுக்கு அடியில் படுத்து வேலை செய்துகொண்டிருந்தார். "நிலவன் வர்ட்டும். நீ கை வைக்காதமே" என்றார். நான் கை வைத்தேன். பத்து வருஷம் அலையில் அடிபடுகிற படகைப் பிடித்து வைக்கிற ரெசின், ரோட்டில் ஓடுகிற காரைப் பிடிக்காதா என்று நினைத்தேன். கார் ரெசின் இறுக ஒரு ராத்திரி ஆகும். இது அரை மணி.

சாயந்திரம் அவர் வந்து பார்த்து, "ரெசின் ஏதுமே?" என்று கேட்டார். டின் அடியில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது, வழித்தேன் என்றேன். "பரவால்லியே. இனிமேங்காட்டி உன் தம்பிக்கு லீவு உட்டுர்லாம்" என்று அந்த ஆள் முன்னால் சொன்னார். எனக்கு அப்படி ஒரு பெருமை.

என் கையால் அவர் செத்தார். இந்த வரியை எழுதி, அடித்து, திரும்ப எழுதியிருக்கிறேன். மண்டைக்குள் போக மாட்டேன் என்கிறது. காலையில் பல் விளக்கினேன், சோறு வடித்தேன், அந்தக் கையாலேதான்.

எனக்காகவா நீ உள்ளே உட்கார்ந்திருக்கிறாய்? தம்பி என்றுகூடப் பார்க்காமல் உன் காலில் விழலாம் போல இருக்கிறது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். சாக்கைப் பிரிக்காதே என்று எழுதினாயே. உள்ளே மேட் இருக்கிறது என்று உனக்கு எப்படித் தெரியும்?

அக்கா


அக்கா,

இதை விடுதலையாகிப் போகிற ஒருவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். தேதி போடவில்லை. படித்ததும் கிழித்துவிடு.

அன்றைக்கு ஆறு மணிக்கு நான் வந்ததும் மாமா பெயிண்ட் அடிக்கச் சொன்னார். அடிப்பதற்கு முன்னால் எப்போதும் போல ஒரு ரூபாய்க் காசால் ஒட்டைத் தட்டிப் பார்த்தேன். நன்றாகப் பிடித்திருந்தால் கணீரென்று கேட்கும். பிடிக்காத இடத்தில் ஈரத் துணியைத் தட்டின மாதிரி பொத்தென்று கேட்கும். எல்லா இடத்திலும் பொத்தென்றுதான் கேட்டது. குனிந்து முகர்ந்தேன், படகு ரெசின். ஓரத்தில் மேட்டின் நூல் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.

நீ அந்தப் பக்கம் டீம் ஆளுக்கு டீ ஊற்றிச் சிரித்துக்கொண்டிருந்தாய். மாமா உன்னை அப்படி மெச்சி நான் கேட்டதே இல்லை. அப்போது சொல்லியிருந்தால் எல்லார் முன்னாலும் உன்னைக் கிழித்திருப்பார், அவர் கோபம் உனக்குத் தெரியும். காலையில் தனியாகச் சொல்லி வேறு ஒட்டுப் போடலாம் என்று பெயிண்ட் அடித்தேன். நான் எழுவதற்குள் துண்டை ஏற்றிக்கொண்டு மாமாவும் அந்த வண்டியிலேயே ரேஸுக்குக் கிளம்பிவிட்டார். சனிக்கிழமை மாமா போன் செய்தார், "சூப்பரா ஓடிச்சிடா" என்றார். அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். ஒன்றும் ஆகவில்லையே என்று விட்டுவிட்டேன்.

அதனால் நான்தான் செய்தேன் என்பது பொய்யில்லை. நீ எதையும் யாரிடமும் சொல்லாதே. செங்கொடிக்கு அப்பா போய்விட்டார், அம்மாவும் ஜெயிலுக்குப் போக வேண்டாம். எல்லாம் உனக்காகத்தான் அக்கா. என்னை இங்கேயே விட்டுவிடு.

நிலவன்


வியாசர்பாடி
12.9.2025

நிலவனுக்கு,

உன் கடிதம் வந்தது. சனிக்கிழமை போன் என்ற இடத்தில் மடித்து வைத்துவிட்டேன். மிச்சத்தைப் படிக்க மறுநாள் ஆனது.

செவ்வாய்க்கிழமை பாயோடு ஸ்டேஷனுக்குப் போனேன். சாக்கைக் கொடுத்தேன். மேட் கிழித்தது யார், ரெசின் கலந்தது யார், கேட்டவரிடம் பொய் சொன்னது யார், எல்லாம் சொன்னேன். "செத்தது உன் வூட்டுக்காரரு. இத்த எதுக்கும்மா நீயே வந்து தலைல போட்டுக்கற?" என்றார் எஸ்.ஐ. எழுதுங்கள் சார் என்றேன். எழுதினார், கையெழுத்துப் போட்டேன். கூப்பிடும்போது வர வேண்டும் என்று அனுப்பியிருக்கிறார்கள். என்ன செய்வார்கள் என்று தெரியாது.

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. அவர்களிடம் கொடுக்கவும் இல்லை. அதில் இருப்பதை நீதான் போய்ச் சொல்ல வேண்டும்.

நான் தெரியாமல் செய்தேன். நான் சாகிற வரைக்கும் அது என்னோடு கிடக்கும், யாரும் பங்கு கேட்க முடியாது. நீ காதால் கேட்டாய். வெள்ளி ராத்திரி, சனி பகல், சனி ராத்திரி, ஞாயிறு பதினோரு மணிக்கு அந்தக் கார் சுழல்கிற வரைக்கும் போன் உன் பையிலேதான் இருந்தது. அவர் என்னைத் திட்டியிருப்பார், ஆமாம். திட்டட்டுமே. ரெண்டு அடி அடித்திருந்தால்தான் என்ன. திட்டுவதற்கு ஆள் இருந்திருப்பார் இல்லையா. எனக்காக என்று இனிமேல் எங்கேயும் எழுதாதே.

ஜாமீனுக்குக் கையெழுத்துப் போடு. சொக்கம்மாள் பெரியம்மா ஜாமீன் நிற்க ஒத்துக்கொண்டார். வெளியே வந்ததும் அவர் வீட்டுக்குப் போ. இங்கே வராதே.

"நிலவன் மாமா எப்ப வரும்?" என்று செங்கொடி கேட்டாள். நாம் ரெண்டு பேரும் செய்ததைச் சொன்னேன். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. போட்ட சோற்றைத் தின்கிறாள், என் பக்கத்திலேதான் படுக்கிறாள், பேசுவதில்லை.

அங்கே சாப்பாட்டை ஒதுக்காதே. பதில் போடாதே.

அன்புக்கரசி