நான்கு மணிக் கட்டம்

அன்பு மனைவிக்கு,

இங்கு நானும் அம்மாவும் நலம். உன் நலம் அந்த ஊர் மருத்துவமனையின் ஷிஃப்ட் அட்டவணைப்படி மாறுவது என்பதால், இது வந்து சேரும் நாளில் எப்படி இருப்பாய் என்று ஊகிக்க முடியவில்லை. நன்றாக இரு.

நீ கேட்ட காகிதங்கள் எல்லாம் இந்த உறையில் இருக்கின்றன. மதிப்பெண் பட்டியல் உள்ள சின்ன உறையைப் பிரித்தால் செல்லாது என்று கல்லூரி எழுத்தர் என்னிடம் மூன்று முறை சொன்னார். பார்த்தால் பிரிக்கிற ஆள் மாதிரி இருக்கிறேன் போலும். உன்மீது புகார் எதுவும் இல்லை என்று நர்ஸிங் கவுன்சில் கொடுத்த நன்னடத்தைச் சான்றிதழும் இருக்கிறது. இங்கே உன் பழைய வார்டு ஹெட் சிஸ்டர் பரிந்துரைக் கடிதம் தந்தார். "பதிவேடுகளை எப்போதும் முன்கூட்டியே முடித்துவிடுபவர்" என்று உன்னைப் பாராட்டியிருக்கிறார். மனமாரத்தான் எழுதியிருக்கிறார்.

மேற்படிப்புக்கு நீ அனுப்பிய மூன்று பல்கலைக்கழகங்களின் விவரங்களையும் படித்தேன். முதலாவது தீவிர சிகிச்சை நர்ஸிங்: இரண்டு வருடம், படுக்கையருகே தொள்ளாயிரம் மணி நேரப் பயிற்சி. இரண்டாவது ஆசிரியப் படிப்பு. மூன்றாவது மருத்துவமனை நிர்வாகம்: ஒரே வருடம், பாதி வகுப்பு கணினியில், நோயாளியைக் கண்ணால் பார்க்கத் தேவையில்லை. அந்தக் கடைசி வரியின் கீழ் நீ இரண்டு கோடு போட்டிருக்கிறாய். தண்ணீரில் இறங்காமல் நீச்சல் சொல்லிக்கொடுப்பவர்கள் உலகில் நிறையப் பேர். அவர்களுக்குச் சம்பளமும் அதிகம். ஆகவே நான் எதிர்க்கவில்லை. உன் மாமியார் மட்டும், "ஊசி போடுறதுக்கு இன்னும் எத்தனை வருஷம்டா படிப்பா?" என்றார். இந்தப் படிப்பை முடித்தால் ஊசியே போடவேண்டியதில்லை என்றேன். அதற்கு எதற்குப் படிப்பு என்று கேட்டுவிட்டு டிவியைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

திருத்தித் தரச் சொன்ன கட்டுரையையும் படித்தேன். மனதை விட்டு அகலாத ஒரு நோயாளியைப் பற்றி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். நீ எழுதியிருக்கும் மூதாட்டி குணமாகி, உன் கையைப் பிடித்து வாழ்த்திவிட்டு வீட்டுக்குப் போகிறார். அதில் ஒரு பிழைகூட இல்லை. மருத்துவமனைப் பதிவறையில் எழுத்தனாக உட்கார்ந்திருப்பவன் சொல்கிறேன்: நடந்தவற்றை எழுதும்போது அடித்தல் திருத்தல் இருக்கும். நடக்காதவைதான் இத்தனை சுத்தமாக வரும்.

இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ என் குரலைக் கேட்டதும் "என்னங்க ஆச்சு?" என்பாய், நான் ஒன்றுமில்லை என்பேன். அதனால்தான் கடிதம்.

சென்ற வாரம் பதிவறைக்கு ஒரு கணக்கு டீச்சர் வந்தார். நான்கு வருடத்துக்கு முன், இங்கே நீ வேலை பார்த்த வார்டில், ஒன்பதாம் படுக்கையில் இறந்தவரின் மகள். அப்பாவின் கேஸ் ஷீட்டைப் பார்க்கவேண்டும் என்றார். வருகைப் பதிவேட்டில் அவர் கையெழுத்து ஏற்கெனவே மூன்று இருக்கிறது. வருடம் ஒன்றாக, ஒரே தேதியில். எனக்கு முன் இந்த நாற்காலியில் இருந்தவர் ஒவ்வொரு முறையும் முதல் இரண்டு பக்கங்களைக் காட்டி அனுப்பியிருக்கிறார். அதே பக்கங்களைப் படிக்க வருடா வருடம் வரும் வாசகர் இந்த அறைக்கு இவர் ஒருவர்தான்.

எதற்கு மறுபடியும் என்று கேட்டேன். கோபப்படவில்லை. பாடம் நடத்துவது போலவே சொன்னார். "மூணரைக்கு வந்துட்டேன் சார். நாலு மணிக்குத்தான் விடுவோம்னு வாட்ச்மேன் சொன்னாரு. சரின்னு பெஞ்சுல உக்காந்து நோட்டுத் திருத்திட்டு இருந்தேன். நாலு மணிக்கு டாக்டர் உள்ள இருக்காருன்னாங்க. நாலு இருபத்தஞ்சுக்கு முடிஞ்சுபோச்சுன்னாங்க. ஷீட்டுல பாருங்க, நாலு மணிக்குக்கூட நாடி எழுபத்தெட்டு, அவ்ளோ நல்லா இருந்திருக்காரு. அம்பத்தஞ்சு நிமிஷம் சார். நடுவுல ஒரு கதவு. தள்ளிட்டுப் போயிருக்கலாம்ல?"

அன்றிலிருந்து நோட்டுத் திருத்தும்போதெல்லாம் கதவுப் பக்கம் பார்த்துக்கொள்கிறாராம். இந்த முறை முழுக் கோப்பின் நகல் வேண்டும் என்றார்.

உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போய் எடுத்தேன். நான்கு மணிக் கட்டத்தில் வெப்பம் 98.4, நாடி 78, ரத்த அழுத்தம் 120/80. அப்படி ஓர் உடம்பை வைத்துக்கொண்டு யாரும் மருத்துவமனைக்கு வருவதில்லை. ஏழுக்கு நடுவில் சின்னக் கோடு இருந்தது. ஒன்பது வருடமாக நம் வீட்டு மளிகைப் பட்டியலில் நான் பார்க்கும் ஏழு.

கோப்பின் பின்னட்டைப் பையில் மடித்த ஈசிஜி தாள் ஒன்று இருந்தது. முழு நீளமும் ஒரே நேர்கோடு. ஓரத்தில் இயந்திரமே அச்சிட்ட நேரம், மூன்று பன்னிரண்டு. அதற்கு நம் வார்டு வழக்கங்கள் தெரியாது.

எனக்குத் தெரியும். இரண்டு நர்ஸுக்கு நாற்பது படுக்கை. நான்கு மணி அளவுகளை இரண்டு மணிக்கே எழுதிவைத்துவிடுவீர்கள். எல்லோரும் செய்வதுதான், அன்று உன் முறை. எழுதிய கட்டத்தை அடிக்க முடியாமல், இறந்த நேரத்தை அதற்குப் பின்னால் நகர்த்தியிருக்கிறீர்கள். டாக்டரும் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆக, அந்த மனிதர் இறந்த பிறகும் எழுபது நிமிடத்துக்கு மேல் காகிதத்தில் உயிரோடு இருந்திருக்கிறார். டீச்சர் பெஞ்சில் வந்து உட்கார்ந்தபோது, கதவுக்கு அந்தப் பக்கம் அவருக்காகக் காத்திருக்க யாருமில்லை.

இரண்டு மணிக்கு அவர் அருகில் போனாயா என்று நான் கேட்கமாட்டேன்.

நான்கு வருடத்துக்கு முன்புதான், ஞாயிறு மதியங்களில் நான் தூங்கும்போது நீ என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளத் தொடங்கினாய். கல்யாணமாகி ஐந்து வருடம் கழித்து வந்த காதல் என்று நினைத்து, கலையவேண்டாமென்று கண்ணை மூடியே கிடப்பேன். ஒரு முறை ஓரக்கண்ணால் பார்த்தேன். நீ சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து உதடு அசைய எண்ணிக்கொண்டிருந்தாய். முழுதாக ஒரு நிமிடம்.

அந்த மூன்றாவது படிப்பின் கீழ் எதற்கு இரண்டு கோடு என்று எனக்கு இப்போது புரிகிறது. அதில் சேர்ந்தால் நீ யாருடைய நாடியையும் பிடிக்கவேண்டியதில்லை. ஆனால் நிர்வாகிகளின் மேசைக்கும் கோப்புகள் வரும். நான் கோப்புகளோடு வாழ்பவன். அவை யாரையும் விடுவதில்லை.

டீச்சரிடம் கோப்பு கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். பதிவறைக்கு வந்த இந்த ஒரு வருடத்தில் நான் சொன்ன முதல் பொய். நன்றி சொல்லிவிட்டு, வரும் இருபதாம் தேதி திங்கட்கிழமை பத்து மணிக்கு மறுபடி வருவதாகச் சொல்லிப் போனார். இந்தக் கூரியர் அதற்கு ஒரு வாரம் முன்பே உன் கையில் இருக்கும்.

ஈசிஜி தாளை நானே காட்டிவிடலாம். காட்டினால் அவர் கேட்கப்போவது என்னிடம் இல்லாத பதில். நீ சொன்னால் உன் நன்னடத்தைச் சான்றிதழ் என்னவாகும், மூன்று பல்கலைக்கழகங்களும் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியாது. ஒன்றும் ஆகாது என்று எழுத ஆசை. எழுதினால் அதுவும் 120/80 ஆகிவிடும்.

படுக்கையருகே பயிற்சி உள்ள அந்த முதலாவது படிப்பின் விண்ணப்பத்தையும் நிரப்பி இதில் வைத்திருக்கிறேன். கையெழுத்துக்கும் கட்டுரைக்கும் இடம் விட்டிருக்கிறேன்.

இருபதாம் தேதி பத்து மணிக்கு டீச்சரை என் எதிரில் உட்காரவைப்பேன். மேசையில் போன் இருக்கும். நீ கூப்பிட்டால் அதை அவர் கையில் கொடுத்துவிட்டு நான் வெளியே போய் நிற்பேன். கூப்பிடாவிட்டால் கோப்பு இன்னும் கிடைக்கவில்லை என்று சொல்வேன். அடுத்த வருடமும் சொல்வேன். நான் உன் கணவன், சொல்லத்தான் வேண்டும்.

என்னை அதைச் சொல்ல வைக்காதேம்மா.

உன் கைக்கு ஒரு குறையும் வராதிருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் கணவன்